முப்பத்திரண்டு பேர் இறங்கினார்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

இல்லை, நன்றாகத்தான் தூங்குகிறேன். தூங்குவதைத் தவிர வேறு எதையும் நன்றாகச் செய்வதில்லை என்றுகூடச் சொல்லலாம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் நலமா? நீ கேட்டிருந்த மற்ற எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்று பதில் வைத்துக்கொள். சாப்பிடுகிறேன். கதவைப் பூட்டிக்கொள்கிறேன். வீட்டுக்காரம்மா தொந்தரவு செய்வதில்லை.

போனில் பேசுவதை விட்டது நல்லதுதான். நீ "அப்புறம்?" என்பாய், நான் "அப்புறம்?" என்பேன். அதற்கு மேல் போனதில்லை.

இத்துடன் இரண்டு புத்தகங்கள். ஒன்று, கலங்கரை விளக்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் எழுதியது. மற்றது ஒரு கால்நடை மருத்துவரின் அனுபவங்கள். இரண்டின் விமர்சனமும் அடுத்த மாதம் பத்திரிகையில் வர வேண்டும். நீ படித்துவிட்டு, அதில் என்ன நடக்கிறது, உனக்கு எங்கே பிடித்தது, எங்கே கொட்டாவி வந்தது என்று விவரமாக எழுது. என் எழுத்தில் படித்த வாடை அடிக்கிறதாம். எடிட்டர் சொல்கிறார். "நம்ம வாசகர் யாருன்னு தெரியுமாம்மா உனக்கு? பஸ்ஸுக்கு நிக்கிறவங்க." அதனால் ஒரு சாதாரண வாசகியின் கருத்து தேவைப்படுகிறது. கோபித்துக்கொள்ளாதே. சாதாரணம் என்றது பாராட்டு.

அறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கட்டில். மேசை. ஒரு சன்னல். மற்ற இடமெல்லாம் புத்தகம். பதிப்பகங்களிலிருந்து வரும் பார்சல்களைப் பிரிப்பதை நிறுத்திவிட்டேன். கதவிலிருந்து கட்டிலுக்குப் போக ஒரு பாதை விட்டிருக்கிறேன். சின்ன வயதில் பெரியவளானதும் என்ன வேண்டும் என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், நினைவிருக்கிறதா? வீடு முழுக்கப் புத்தகம். கிடைத்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 21

அன்புக் கரையானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். அத்தானுக்குச் சளி. உனக்கு வயது முப்பத்தொன்று ஆனாலும் பாடப்புத்தகத்தின் ஓரத்தைத் தின்ற பெண்ணை நான் கரையான் என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டையும் படித்துவிட்டேன். கடையில் வைத்துத்தான். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஈ கூட வராது. பவர் பார்க்கிறவரே பதினொன்றரைக்குத்தான் வருவார். நான் ஃபிரேம்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, கவுண்டருக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கண்ணாடி விக்கிற இடத்துல உக்காந்து கண்ணைக் கெடுத்துக்கிறீங்க?" என்றார். "கண்ணு கெட்டாத்தானே சார் நமக்கு வியாபாரம்" என்றேன். போய்விட்டார்.

கலங்கரை விளக்கக்காரரை எனக்குப் பிடித்தது. ஆனால் அவர் மேல் கோபமும் வந்தது. ஊர்ப்பட்ட கப்பலுக்கு வழி காட்டியிருக்கிறார். தன் மூன்று பிள்ளைகளும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு எண்ணெய் விளக்கு எப்படி மின்விளக்கு ஆனது என்று நாற்பது பக்கம் எழுதுகிறார். அந்த நாற்பது பக்கமும் அந்த ஒரு வரியை மறைக்கத்தான் என்று எனக்குத் தோன்றியது.

மாட்டு டாக்டர் வேறு மாதிரி. மாட்டைப் பற்றி எழுதும்போது நமக்கு வலிக்கிறது. மனைவியைப் பற்றி எழுதும்போது யாருக்கும் வலிக்கவில்லை, அவருக்கும்.

இதெல்லாம் உனக்கு உதவுமா? "இந்த வயசுல பரீட்சை ஏதாவது எழுதப் போறியா?" என்று அத்தான் கேலி செய்கிறார். நீ கல்லூரிக்குப் போன வருடம் நான் இந்தக் கடைக்கு வந்தேன். அதன் பிறகு முழுப் புத்தகம் ஒன்றைப் படித்து முடிப்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இன்னும் இருந்தால் அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்கா,

அத்தானின் சளி போயிருக்கும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

விமர்சனம் வந்த பக்கங்களை வெட்டி வைத்திருக்கிறேன். எடிட்டர் மேசையைத் தட்டினார். "இப்பத்தாம்மா மனுஷங்க மாதிரி எழுதுற." மாட்டு டாக்டர் வரியை யாரோ அலுவலகப் பலகையில் எழுதிப்போட்டிருக்கிறார்கள். ஏழு வாசகர் கடிதங்கள். ஆறு வருடத்தில் மொத்தமாக வந்ததைவிட அதிகம்.

அதைப் பார்த்து ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, பரந்த வாசிப்பும் நூல் விமர்சனமும் தரும் பலன்கள். போனேன். நாற்பது பேர். மின்விசிறிச் சத்தம். மூன்று பலன்கள் சொன்னேன். ஒன்று, ஒரு பிறவியில் பல வாழ்க்கை வாழலாம். இரண்டு, தனிமை குறையும். மூன்று, யாரும் கவனிக்காமல் போக இருந்த நல்ல புத்தகம் ஒன்றைக் கைப்பிடித்து நாலு பேர் முன்னால் கூட்டி வரலாம். மூன்றையும் ஒரு காலத்தில் நான் நம்பியதால் குரல் நடுங்கவில்லை. மூன்றாவதுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

கடைசியில் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், நீங்க சமீபத்துல ரசிச்சுப் படிச்ச புத்தகம் எது?"

கலங்கரை விளக்கம் என்றேன். நாற்பது பக்கம் ஒரு வரியை மறைப்பதைச் சொன்னேன். கை தட்டினார்கள். அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நான் தண்ணீர் குடித்தேன்.

மேலும் நான்கு புத்தகங்கள் அனுப்புகிறேன். முன்பு எழுதியதைவிட நீளமாக எழுது. மனிதர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதைக்கூட எழுது.

உன் தங்கை


மார்ச் 8

அன்புக் கரையானுக்கு,

நலம். உன் நலம் என்று எழுதிவிட்டு நிறுத்திப் பார்த்தேன். உன் கடிதம் இரண்டிலும் உன் நலம் எங்கும் இல்லை.

பத்திரிகையைக் கடையில் எல்லோரிடமும் காட்டினேன். என் தங்கை எழுதியது என்று. மாட்டு டாக்டர் வரியைப் படித்ததும் முதலாளி சிரித்தார். எனக்கு உள்ளே என்னவோ செய்தது. சொல்லத் தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட, திரும்பிப் பார்த்தால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள், அந்த மாதிரி. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சந்தோஷம்தான்.

ஒரு சின்ன விஷயம். கலங்கரை விளக்கக்காரருக்கு மூன்று பிள்ளைகள் என்று நான் எழுதியிருந்தேன். இரண்டுதான். மூன்று பிள்ளை மாட்டு டாக்டருக்கு. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததில் குழம்பிவிட்டேன். உன் விமர்சனத்திலும் மூன்று என்று வந்திருக்கிறது. அச்சுப்பிழையாக இருக்கும்.

கடையில் நேற்று ஒருவர் வந்தார். ஓட்டுநர். வேலைக்குக் கண் சான்றிதழ் வேண்டுமாம். பலகையில் உள்ள எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பித்தார். கடைசி வரி வரைக்கும். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்றவர் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார்கள். வருடத்துக்குப் பத்துப் பேராவது இப்படி வருவார்கள். கண் தெரிகிறவர் ஒரு எழுத்திலாவது தடுமாறுவார். இவர்கள் தடுமாறவே மாட்டார்கள். நான் பவர் பார்க்கிறவரிடம் போட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் போய், "அண்ணே, எவ்வளவு நாளா இப்படி?" என்றேன். அந்த ஆள் அழுதுவிட்டார்.

நான்கு புத்தகங்களைப் பற்றியும் தனித்தாளில் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

உனக்கு அதில் எது பிடித்தது? எந்தப் பக்கம்? நான் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா?

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நலம். வராதே. அறையில் இரண்டு பேர் படுக்க இடமில்லை. வேலை அதிகம்.

இந்த முறை ஒரே புத்தகம். நாவல். 212 பக்கம். சின்னப் பதிப்பகம். எழுதியவர் படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் ஓர் அம்மாள். முதல் புத்தகம், அநேகமாகக் கடைசிப் புத்தகம். வேறு எந்தப் பத்திரிகையும் இதைத் தொடப் போவதில்லை என்று எடிட்டரே சொன்னார். "நாமதாம்மா போடணும்." இருபதாம் தேதிக்குள் தர வேண்டும். முடிவை மட்டும் விரிவாக எழுது. முடிவைச் சரியாகச் சொல்லும் விமர்சனம் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

இந்தக் கட்டடத்துக்கு ஆறு மாடி. மொட்டை மாடியில் யாரும் வருவதில்லை. காற்று நன்றாக வருகிறது. சில நாள் அங்கே போய் நிற்கிறேன்.

உன் தங்கை


ஏப்ரல் 13

என் கண்ணே,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கமாக எழுதும் வரியாகப் படிக்காதே.

நாவலைப் படித்துவிட்டேன். கதையைச் சொல்வது ஓர் அக்கா. படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிறவள். எழுதியவரும் அதே வேலைதானே, அதனால்தான் அந்தக் கவுண்டர் கண்முன்னால் நிற்கிறது. சில்லறை வைக்கும் தகர டப்பா, கை மட்டும் நுழைகிற ஓட்டை. கைகளை வைத்தே ஆட்களை அடையாளம் தெரியுமாம் அவளுக்கு. தங்கை பல் மருத்துவரிடம் உதவியாள். நாள் முழுக்க அவள் பேசுவது ஒரே சொல்தான், "கொப்பளிங்க." வீட்டிலும் பேச்சு குறைகிறது. முதலில் தோழிகளை விடுகிறாள். பிறகு வேலையை. பிறகு தன் சாமான்களை ஒவ்வொன்றாக அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறாள். அக்காவுக்குப் புரியவில்லை. "ஏண்டி, உனக்கு வேணாமா?" என்கிறாள். "இடம் அடைக்குது" என்கிறாள் தங்கை. சிரிப்பாகத்தான் இருக்கிறது அந்த இடம். சிரித்த பிறகுதான் பயம் வருகிறது.

முடிவு. சாயங்காலக் கடைசிப் படகு. அக்காவே சீட்டுக் கொடுக்கிறாள். ஓட்டை வழியாக வரும் கையைப் பார்த்துத் தங்கை என்று தெரிந்துகொள்கிறாள். வரிசை நீளம், பேச நேரமில்லை. முப்பத்திரண்டு சீட்டு. படகு போகிறது. ஆற்றின் நடுவில் தங்கை கைப்பிடிக் கம்பி ஓரமாக நிற்கிறாள். தண்ணீரைப் பார்க்கிறாள். புத்தகத்தில் அந்தப் பக்கம் முழுவதும் தண்ணீர்தான். பிறகு படகு அக்கரையில் நிற்கிறது. ஆட்கள் இறங்குகிறார்கள். அங்கே சீட்டு வாங்குகிறவர் எண்ணுகிறார். முப்பத்திரண்டு. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தங்கை கடைசியாக இறங்குகிறாள். கரையில் நின்று இந்தப் பக்கம் பார்க்கிறாள். இருட்டவில்லை இன்னும். அக்கா கவுண்டரை விட்டு வெளியே வந்து கையை ஆட்டுகிறாள். அவளும் ஆட்டுகிறாள். அவ்வளவுதான். திரும்பி வருகிற படகு எத்தனை மணிக்கு என்பதுதான் கடைசி வரி.

இந்த முடிவைத் திரும்பத் திரும்பப் படி. நான் எழுதியிருப்பதையாவது.

அக்கா


மே 3

அன்புள்ள அக்கா,

அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நீ எழுதி மூன்று வாரம் ஆகிறது. கடை அதிகமா?

நாவல் விமர்சனம் வந்துவிட்டது. முழுப் பக்கம். இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் இதுதான் சிறந்தது என்று எடிட்டர் போன் செய்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றியது என்பதே பெரிய விஷயம். தலைப்பு, "முப்பத்திரண்டு பேர் இறங்கினார்கள்". இரக்கத்தை இவ்வளவு சிக்கனமாக எழுதிய முடிவை நான் கண்டதில்லை என்று எழுதினேன். பொய்யில்லை. உன் கடிதத்தில் அந்த இடத்தை ஐந்து தடவை பார்த்தேன். ஐந்தாவது தடவை வரி முடியும்போது வரி இருந்தது. இப்படிச் சொன்னால் உனக்குப் புரியாது. பரவாயில்லை.

அன்று சாயங்காலம் சூடாக ஏதோ சமைத்துச் சாப்பிட்டேன். எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஏன் பதிலே இல்லை?

உன் தங்கை


மே 29

அக்கா,

நலம் விசாரிக்க முடியவில்லை. கீழே இருப்பது பத்திரிகை அலுவலகத்துக்கு எனக்காக வந்த கடிதம். ஓர் எழுத்தும் விடாமல் பார்த்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லாக. இரண்டு நாள் ஆயிற்று.

"மதிப்புக்குரிய விமர்சகருக்கு, வணக்கம். என் நாவலைப் பற்றி எழுதிய ஒரே ஆள் நீங்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் புகழ்ந்திருக்கும் முடிவு என்னுடையது இல்லை. 212-ஆம் பக்கத்தில் இறங்கியவர்கள் முப்பத்தொரு பேர். புத்தகத்தின் கடைசி வரியே அந்த எண்தான். என் தங்கை அந்தப் படகிலிருந்து இறங்கவில்லை. அவள் உடல் கிடைக்கவும் இல்லை. பதினான்கு வருடமாக என் அம்மா அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் காத்திருப்பை முடித்து வைக்கத்தான் நான் இதை எழுதினேன். எனக்கு இலக்கியம் தெரியாது. அம்மாவுக்குக் கண் மங்கல். தினம் ஓர் அத்தியாயமாகப் படித்துக் காட்டி வந்தேன். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். பதினொரு நாள் தைரியம் வரவில்லை. அப்போது உங்கள் விமர்சனம் வந்தது. நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். நான் உள்ளே நுழைந்ததும் அம்மா கேட்டாள்: 'அவ இறங்கிட்டாளாமே, ஏன் எங்கிட்ட சொல்லலை?' அன்றிலிருந்து வாசல் கதவைத் தாழ் போட விடமாட்டேன் என்கிறாள். என்னால் இனி அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்ட முடியாது. படித்தால், நான் மாற்றிப் படிக்கிறேன் என்பாள். பத்திரிகைக்காரர்கள் திருத்தம் போடுவார்களாம். அது எனக்குப் போதாது. நீங்களே ஒருமுறை வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். இப்படிக்கு."

எடிட்டர் கூப்பிட்டார். "முடிவுகூடப் படிக்கலையாம்மா நீ?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. திருத்தம் இரண்டு வரி, ஏழாம் பக்கத்தில் வந்தது. என் பகுதியை நிறுத்திவிட்டார்கள்.

நான் படிப்பதில்லை அக்கா. போன ஆகஸ்டிலிருந்து. எழுத்து தெரிகிறது. சொல் தெரிகிறது. வரி முடியும்போது வரி இல்லை. பக்கத்தைத் திருப்பினால் திருப்பிய பக்கம் இல்லை. உன் தாள்களைக்கூடச் சொல் சொல்லாகப் பார்த்து எழுதித்தான் விமர்சனம் ஆக்கினேன். டாக்டரிடம் போகவில்லை. படிக்க வராத விமர்சகி என்று போய் யாரிடம் சொல்வது? நீ இல்லாவிட்டால் ஜனவரியிலேயே முடிந்திருக்கும்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். முப்பத்தொன்றை முப்பத்திரண்டு என்று நீ ஏன் எழுதினாய்? மாட்டு டாக்டர் பிள்ளைகள் மாதிரிக் குழம்பிவிட்டாயா?

தங்கை


ஜூன் 3

என் கண்ணே,

குழம்பவில்லை.

முதலில் முப்பத்தொன்று என்றுதான் எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முடிவை விரிவாக எழுது என்று கேட்டிருந்தாய். மொட்டை மாடியில் காற்று நன்றாக வருகிறது என்றும் எழுதியிருந்தாய். இரண்டும் ஒரே தாளில், நான்கு வரி இடைவெளியில். நான் எப்படி எழுதுவேன்? அந்தப் பெண் தண்ணீரைப் பார்க்கிற பக்கத்தை உனக்கு என் கையால் எழுதி அனுப்பிவிட்டு நான் கடையில் போய் ஃபிரேம் துடைக்க வேண்டுமா? ஓர் எண்ணை மாற்றினேன். எண்ணை மாற்றியதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. கையை ஆட்டுவது, இருட்டாமல் இருப்பது எல்லாம்.

நீ படிப்பதில்லை என்று மூன்று பிள்ளைகள் அச்சில் வந்த அன்றே எனக்குத் தெரியும். அதனால்தான் துணிந்து மாற்றினேன். படிக்கிறவளாக இருந்தால் கண்டுபிடித்திருப்பாயே. அது அச்சுக்குப் போகும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உனக்கு எழுதுகிறோம் என்றுதான் எழுதினேன். உன் விமர்சனத்தின் தலைப்பைப் பார்த்த அன்று உட்கார்ந்துவிட்டேன். உனக்கு என்ன பதில் எழுதுவது? அதனால் எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சிலேயே உன்னிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டும். ஓட்டுநர் கதையைச் சொல்லிவிட்டு, கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நேராகக் கேட்டால் நீ கடிதத்தை நிறுத்திவிடுவாய் என்று பயம். அது பாதி. மீதிப் பாதி, எனக்குப் பிடித்திருந்தது. நாற்பது வயதில் ஒருத்திக்குப் புத்தகங்கள் பார்சலில் வருகின்றன. அவள் நினைத்தது அச்சில் வருகிறது. நீ குணமானால் இது நின்றுவிடும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். ஆனால் தோன்றியது.

அந்த அம்மாளுக்கு நான் செய்ததை என்னால் சரிசெய்ய முடியாது. அவளும் ஓர் அக்காதான். பொய் சொல்லாத அக்கா. வேண்டுமானால் நானே போய் அவள் அம்மாவிடம் சொல்கிறேன்.

நீ டாக்டரிடம் போ. கெஞ்சுகிறேன். ஒரு வரி பதில் போடு.

அக்கா


ஜூன் 24

என் கண்ணே,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உன் போன் அணைந்திருக்கிறது. வீட்டுக்காரம்மாவிடம் பேசினேன். "இருக்காங்க. கதவைத் தட்டினா 'ம்'ங்கிறாங்க. அதுக்கு மேல தட்ட எனக்குச் சங்கடமா இருக்கு" என்றார். நாள் தவறாமல் தட்டச் சொல்லியிருக்கிறேன். சங்கடப்பட்டாலும் பரவாயில்லை என்றேன்.

முதலாளியிடம் நான்கு நாள் விடுப்பு கேட்டுவிட்டேன். சனிக்கிழமை முதல் பஸ். படுக்க இடமில்லாவிட்டால் அந்தப் பாதையில் படுத்துக்கொள்கிறேன்.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்கா,

நீ ஊர் போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? அத்தானிடம் நான் கேட்டதாகச் சொல். நான்கு நாளும் நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரம் தேய்த்தோம், பார்சல்களைக் கயிறு போட்டுக் கட்டினோம், டாக்டரிடம் போய் வந்தோம். நமக்கு எழுத்தில்தான் வாய். மாத்திரை போடுகிறேன். வாய் உலர்கிறது. வேறு மாற்றம் தெரியவில்லை. ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார், உனக்கே தெரியும்.

நேற்று அந்த நாவல் அம்மாள் வீட்டுக்குப் போனேன். நீ கூட வர வேண்டாம் என்று நான் நினைத்ததால் முன்னாலேயே சொல்லவில்லை. போகும் முன், காலையில் 212-ஆம் பக்கத்தைப் படித்தேன். வரிக்குக் கீழே விரல் வைத்து. ஒன்றரை மணி நேரம். நீ எழுதியதைவிட நல்ல முடிவு அக்கா. அதை ஒருவரும் இனி எழுதப் போவதில்லை. அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த விமர்சனம் ஒன்றுதான். அது நடந்து முடிந்துவிட்டது.

துறையிலிருந்து இரண்டாவது தெரு. தாழ் போடாத கதவு. அந்த அம்மாள் வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. என்னை உட்காரச் சொல்லவில்லை. "அம்மா உள்ள இருக்காங்க" என்றார்.

அவர் அம்மா கட்டிலில் சுவர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு?"

"புத்தகத்தைப் பத்திப் பத்திரிகையில எழுதினது நான்தாம்மா."

"நீயா? வா, இப்படி உக்காரு." கட்டிலைத் தடவி இடம் காட்டினார். "பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சா. நாலு தடவை படிக்கச் சொன்னேன். பெரியவ எழுதினது எனக்குப் பாதி புரியலை. நீ எழுதினது நல்லாப் புரிஞ்சுது."

"அம்மா, நான் தப்பா எழுதிட்டேன். இறங்கினது முப்பத்தொரு பேர்தான்."

வாசற்படியில் மகள் நின்றிருந்தது எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு?"

"ஆமாம்மா."

"நீ படிச்சியா?"

"கடைசிப் பக்கம் படிச்சேன்."

"முழுசா?"

இல்லை என்றேன்.

"நல்ல பொண்ணும்மா நீ" என்றார். "படிக்காமயே எழுதுவ. படிக்காமயே வந்து தப்புன்னும் சொல்லுவ. உன் பேச்சை நான் எப்படி எடுத்துக்கிறது? போ, முழுசாப் படிச்சுட்டு வா. அப்புறம் சொல்லு, கேக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. என் கையைக்கூட விடவில்லை. பிறகு நினைவு வந்தவராக, "நீ வர்ற வழியில துறையில நின்னியா? யாராவது நின்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

மகள் என்னை வாசல் வரை கொண்டுவிட்டார். "பார்த்தீங்களா?" என்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கதவைச் சாத்திவிட்டார். தாழ் போடும் சத்தம் கேட்கவில்லை.

அறைக்கு வந்தேன். நாவலை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து வைத்தேன். நான்கு வரி படித்தேன். ஐந்தாவது வரியில் முதல் வரி போய்விட்டது. மறுபடி முதல் வரிக்கு வந்தேன்.

உன் தங்கை